தமிழ்த் தட்டச்சை மீளக் கற்பதா? எந்த விசைப்பலகை யாருக்குப் பொருந்தும்?

கணினியில் தமிழ் எழுதுவது பற்றி என்னிடம் கேட்பவர்களில் பலர் புதிதாகத் தொடங்குபவர்கள் அல்லர். இளமையில் தட்டச்சுப் பயிலகத்தில் லோயரும் ஹையரும் (இளநிலை, முதுநிலைத் தேர்வுகள்) முடித்து, பிறகு வேறு வேலைக்குப் போய், பணி ஓய்வுக்குப் பின் குடும்ப வரலாற்றையோ ஊர் வரலாற்றையோ எழுதி வைக்க விரும்புபவர் ஒருவர். ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி அடித்தே பல ஆண்டுகள் எழுதிவிட்டு, எண்ணத்தின் வேகத்துக்குக் கை வரவில்லையே என்று வருந்துபவர் மற்றொருவர். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் பக்கம் பக்கமாக அடித்துத் தேர்ந்து, இப்போது ஒருங்குறியில் (யூனிகோடில்) கோப்பு கேட்கப்படுவதால் திகைத்து நிற்பவர் இன்னொருவர். மூவருக்கும் ஒரே ஐயம்தான்: கையில் இருக்கும் பழக்கத்தை வைத்தே ஓட்டுவதா, முதலிலிருந்து மறுபடியும் கற்பதா?

பொதுவான விடை கிடையாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. விடை உண்டு; ஆனால் அது விசைப்பலகையைப் பொறுத்தது என்பதைவிட, உங்கள் விரல்களில் ஏற்கெனவே என்ன குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

## மீளக் கற்றலில் இரண்டு வகை

மறந்துபோனதை மீட்டெடுப்பது ஒரு வகை. பழகிப்போனதை அகற்றிவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைப்பது மற்றொரு வகை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் உழைப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

முதல் வகை எளிது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளின் வரிசைகளைத் தானே மனப்பாடம் செய்து, சில காலம் விட்டு, அதே வரிசைகளை மறுபடியும் கற்று, இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முற்றிலும் மறந்துவிட்டதாக நாம் நினைப்பதுகூட, மறுபடி கற்கும்போது முதல்முறையைவிட விரைவாக வந்துவிடுகிறது என்பதை அவருடைய அளவீடு காட்டியது. பயிலகத்தில் பயின்றவர் நீண்ட இடைவெளிக்குப் பின் விசைப்பலகைமேல் கைவைத்தால், எந்த விசையில் எந்த எழுத்து என்று வாயால் சொல்லத் தெரியாமல் விழித்தாலும், கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல்லை அடிக்கச் சொன்னால் விரல்கள் தாமாகவே இடம் தேடிப் போவதைக் காணலாம்.

இரண்டாம் வகையில் பழைய பழக்கமே பகையாகிறது. தட்டச்சுப் பொறி அமைப்பில் இடக்கைச் சுட்டுவிரல் தங்கியிருக்கும் எஃப் விசையில் இருப்பது ‘க’. தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 என்னும் அமைப்பில் அதே எஃப் விசையில் இருப்பது புள்ளி. எனவே பழைய முறையில் தேர்ந்த ஒருவர் தமிழ்99-க்கு மாறிய முதல் நாட்களில் ‘க’ அடிக்க நினைக்கும்போதெல்லாம் முந்தைய எழுத்தின் தலையில் புள்ளி விழும். ஜே விசை அங்கே ‘த’, இங்கே ‘ப’. எல் விசை அங்கே ‘ட’, இங்கே ‘த’. நடுவரிசையில் இடம் மாறாமல் இருப்பது கே விசையில் உள்ள ‘ம’ ஒன்றுதான். ஒன்றும் அறியாத மாணவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது; நன்றாக அறிந்தவருக்குத்தான் இது மிகுதி.

ஒரு சமூகமே பெரியவர்களான பின் மீளக் கற்றதும் நம்மிடையே நடந்திருக்கிறது. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பழைய வடிவத்தில் எழுதிப் பழகியவர்கள் புதியதைப் படிக்க விரைவில் பழகிக்கொண்டார்கள். கையெழுத்தில் மட்டும் பழைய துதிக்கை ‘லை’யைக் கடைசிவரை விடாதவர்கள் பலர். கண் எளிதில் மாறும், கை எளிதில் மாறாது என்பதைத் தட்டச்சிலும் நினைவில் கொள்வது நல்லது.

## எவற்றைக் கொண்டு அளப்பது

வேகம் ஒன்றையே பலரும் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அது தவறான தொடக்கம். நான் கீழ்க்காணும் வரிசையில் கேட்கச் சொல்வேன்.

முதலாவது, கையில் ஏற்கெனவே உள்ள பழக்கம்: அதை மீட்பதா, மாற்றுவதா, அல்லது பழக்கமே இல்லையா? இரண்டாவது, எழுதும் அளவு: நாளும் பல பக்கங்களா, வாரத்துக்கு இரண்டு மடல்களா? மூன்றாவது, வெளியிலிருந்து வரும் கட்டாயம்: தேர்வு, அலுவலகம், அச்சகம் ஆகியவை ஏதேனும் ஓர் அமைப்பைக் கோருகின்றனவா? நான்காவது, கருவிகள்: சொந்தக் கணினியா, மென்பொருள் நிறுவ முடியாத அலுவலகக் கணினியா, கைப்பேசி மட்டுமா? ஐந்தாவது, எழுத்துப் பிழை: அந்த முறை ல, ள, ழ வேறுபாட்டையும் ன, ண, ந வேறுபாட்டையும் ஒற்றையும் உங்கள் பொறுப்பில் விடுகிறதா, தானே ஊகிக்கிறதா? ஆறாவதாகத்தான் வேகம்.

இவற்றோடு ஒரு முன்னெச்சரிக்கையும் தேவை. விசையமைப்பு வேறு, எழுத்துகளைக் கணினி சேமித்துவைக்கும் முறையான குறியாக்கம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவையே இல்லாமல் மீளக் கற்கப் புறப்படுகிறார்கள். பாமினி எழுத்துருவில் திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது, கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அனுப்பினால் அவை அப்படியே கொட்டிக் கிடக்கும், தேடினால் கிடைக்காது, கைப்பேசியில் படிக்க இயலாது. இது குறியாக்கத்தின் குறையே அன்றி, விரல்கள் பழகிய அமைப்பின் குறை அன்று. அதே பாமினி அமைப்பிலேயே ஒருங்குறித் தமிழை அடிக்கத் தரும் மென்பொருள்கள் உண்டு. குறியாக்கத்தை மாற்ற அரை மணி நேரம் போதும். விரல்களை மாற்ற மாதங்கள் ஆகலாம்.

## தட்டச்சுப் பொறி அமைப்பும் பாமினியும்

யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த இரா. முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது அவர்முன் இருந்த சிக்கல் மிகப் பெரியது: 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்க வேண்டும். எழுத்துகளைத் துண்டுகளாகப் பிரித்தும், அடித்தபின் தாள் நகராத விசைகளைக் கொண்டு புள்ளியையும் கொக்கிகளையும் எழுத்தின்மேல் ஏற்றியும் அது தீர்க்கப்பட்டது. அந்த மரபில் வந்த விசையமைப்பே பயிலகங்களில் இன்றும் கற்பிக்கப்படுகிறது. இடக்கை நான்கு விரல்களுக்கு ய, ள, ன, க என்று தொடங்கும் முதற்பாடத்தை ஒரு பயிலகத்தின் வாசலில் நின்றாலே கேட்கலாம். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் அச்சகங்களிலும் பெரிதும் வழங்கும் பாமினி, எழுத்துகளின் இருப்பிடத்தில் இதற்கு நெருங்கிய உறவு. பொறியில் புள்ளியை எழுத்துக்கு முன் அடிக்க வேண்டும், பாமினியில் பின் அடிக்க வேண்டும் என்பது போன்ற வேறுபாடுகள் உண்டு.

இந்த அமைப்பின் தன்மை, கண்ணால் காணும் வரிசையில் அடிப்பது. ‘கொ’ அடிக்க முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். ஒருங்குறியில் மெய்யெழுத்துதான் முதலில் சேமிக்கப்படும் என்பதால், மென்பொருள் இடையில் நின்று வரிசையை மாற்றித் தருகிறது. கையால் எழுதும் வரிசையே விசையிலும் வருவதால், கையெழுத்தில் ஊறிய மூத்தவர்களுக்கு இது இயல்பாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வுகள் இந்த அமைப்பையே அடிப்படையாகக் கொண்டவை. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் என்ற வேகம் கோரப்படுகிறது. தட்டச்சர் பணிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உடையவர் வேறு எதையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லை. சான்றிதழ் கையில் வரும்வரை இதைத் தவிர வேறு அமைப்பைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்ல வேண்டும். தமிழ்99-ஐப் போல இது பெரும்பாலான கணினிகளில் இயல்பாகவே கூடவருவதில்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்ற ஒரு மென்பொருளைத் தனியே நிறுவ வேண்டும். வெளி மென்பொருளை நிறுவ அனுமதிக்காத அலுவலகத்தில் இது பெரிய தடை. ஒரே பெயரில் வழங்கும் தட்டச்சு அமைப்புகளுக்கிடையே சிறு வேறுபாடுகளும் இருக்கும். புள்ளி முன்னா பின்னா என்பதை ஒவ்வொரு மென்பொருளிலும் சோதித்துப் பார்த்தாக வேண்டும். கைப்பேசிக்கு இந்தப் பயிற்சி உதவாது என்பதால், கைப்பேசியில் எழுத வேறொரு முறையைப் பழக நேரும். புதிதாகக் கற்பவருக்கு எழுத்துகளின் இருப்பிடத்தில் எந்த ஒழுங்கும் புலப்படாது. பல எழுத்துகளுக்கு மாற்று விசையை (ஷிஃப்ட்) அடிக்கடி அழுத்த வேண்டியிருப்பதால் சுண்டுவிரல் களைப்படையும்.

ஆனால் முன்பே பயிலகத்தில் பயின்றவருக்கு நான் தயங்காமல் இதையே பரிந்துரைப்பேன். இளமையில் விரல்களில் சேர்த்த செல்வத்தை, புதியது சிறந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தூக்கி எறியக் கூடாது. அவருக்குத் தேவைப்படுவது முதல் வகை மீளக் கற்றல், அதாவது மீட்பு. அதற்குக் குறைந்த காலமே பிடிக்கும்.

## தமிழ்99

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக உருவாகி, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்ட அமைப்பு இது. இன்று ஐபோனிலும் மேக் கணினியிலும் லினக்ஸிலும் விண்டோஸ் 11-இலும் கூடவே வருகிறது. ஆண்ட்ராய்டில் செல்லினம் போன்ற செயலிகள் தருகின்றன. இதற்காக எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

தமிழ் இலக்கணம் உயிர், மெய், உயிர்மெய் என்று வகுத்த அதே கட்டமைப்பில் இது நிற்கிறது. 12 உயிர், 18 மெய்வரிசை எழுத்துகள், ஒரு புள்ளி: மொத்தம் 31 விசைகள், ஒன்றுக்கும் மாற்று விசை தேவையில்லை. ஆய்தத்துக்கும் ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கும் மட்டுமே மாற்று விசை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். வ, ங தவிர மற்ற மெய்வரிசை முழுவதும் வலக்கைப் பக்கம். அதிகம் பயின்றுவரும் க, ப, ம, த, ந ஐந்தும் வலக்கையின் நடுவரிசையில். வலக்கை மெய்யை அடிக்க, இடக்கை உயிரை அடிக்க, இரண்டு கைகளும் மாறி மாறி இயங்குவதால் நீண்ட நேரம் எழுதினாலும் ஒரு கை மட்டும் ஓய்ந்துபோவதில்லை.

இதன் உண்மையான அழகு தானாக விழும் புள்ளியில் இருக்கிறது. ஒரே எழுத்தை இருமுறை அடித்தால் முதலாவது மெய்யாகிவிடும்: எ, ன, ன என்று அடித்தால் ‘என்ன’. மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அப்படியே: ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற. தமிழில் இந்த இணைகள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதை ஒரு பத்தியை எடுத்து எண்ணிப் பார்ப்பவர் வியந்துபோவார். மாற்று விசையைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று சொற்களுக்கான விசையழுத்தங்களைப் பாருங்கள். ‘வணக்கம்’: பாமினியில் 7, தமிழ்99-இல் 6, ஒலிபெயர்ப்பில் 8. ‘தட்டச்சு’: 7, 6, 9. ‘கொண்டாட்டம்’: 12, 9, 10. ஒரு சொல்லில் ஓரிரண்டு அழுத்தம் குறைவது சிறிதாகத் தோன்றலாம். ஒரு நாவலோ ஆய்வேடோ எழுதுபவருக்கு அது மணிக்கட்டுக்குக் கிடைக்கும் பெரிய ஓய்வு.

இந்த உதவியே சில இடங்களில் இடராகும். ‘சமபந்தி’ என்று எழுத எண்ணி ச, ம, ப, ந, த, இ என்று அடித்தால் கிடைப்பது ‘சம்பந்தி’. கோயிலில் சமபந்தி விருந்து என்ற அழைப்பிதழில் இந்தப் பிழை விழுந்தால் பொருளே மாறிவிடும். ம-வுக்கும் ப-வுக்கும் இடையில் ‘அ’ விசையை ஒருமுறை அழுத்தினால் புள்ளி விழாது. ‘பப்பாளி’க்கும் முதல் ப-வை அடுத்து அந்த ‘அ’ வேண்டும். இத்தகைய சொற்கள் சிலவே. ஆனால் விதியைச் சொல்லித் தராமல் விசைப்பலகைப் படத்தை மட்டும் கொடுத்தால், கற்பவர் இந்த இடத்தில் மனம் உடைந்து பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார்.

மறைந்திருக்கும் பெரிய செலவு முதல் சில வாரங்களின் மந்தம். முன்பு ஒரு மணி நேரத்தில் முடித்த கட்டுரைக்கு அரை நாள் ஆகும். எழுத்தின் ஓட்டம் அறுபடும். சிந்தனை சொல்லில் இல்லாமல் விசையில் சிக்கிக்கொள்ளும். எழுத்தே வருமானமாக உள்ளவருக்கு இது நேரடியான இழப்பு. ஆயினும் இந்த மந்தம் ஒருமுறை மட்டுமே வருவது. தட்டச்சுப் பொறிப் பயிற்சி இல்லாமல், இனி வரும் ஆண்டுகளில் நாளும் தமிழ் எழுதப் போகிற எவரும் இதற்கு இந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. ஒலிபெயர்ப்பிலிருந்து வருபவருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அவருடைய விரல்களில் இருப்பது ஆங்கில விசைப்பலகை. அது ஆங்கிலத்துக்கென்றே தங்கிவிடும், தமிழுக்கென்று புதிய பழக்கம் தனியே வளரும். ஒரு தமிழ் அமைப்பின்மேல் இன்னொரு தமிழ் அமைப்பை ஏற்றும்போது நேரும் மோதல் அவருக்கு அவ்வளவு இராது.

## ஒலிபெயர்ப்பு முறை

ஆங்கில எழுத்தை ஒலிப்படி அடித்தால் தமிழ் வரும் முறை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இதற்கு ஒரு நிலையான வடிவம் தந்தது. இதில் இரண்டு கிளைகள் உண்டு. அவற்றை ஒன்றாக எண்ணக் கூடாது. அஞ்சல் போன்ற முறையில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது உறுதி: சிறிய எல் என்றால் ‘ல’, பெரிய எல் என்றால் ‘ள’, இசட் என்றால் ‘ழ’. மற்றொன்று, நாம் எப்படியோ அடிக்க, மென்பொருள் ஊகித்துச் சொற்பட்டியலைக் காட்டும் முறை. முதலாவதில் எழுத்தைத் தேர்வது நாம். இரண்டாவதில் பட்டியலைப் படித்துத் தேர்வு செய்ய ஒவ்வொரு சொல்லுக்கும் கண் திரையில் நின்றுபோகும்.

கற்பதற்குச் செலவு மிகக் குறைவு என்பதே இதன் பெருஞ்சிறப்பு. ஆங்கிலத் தட்டச்சு அறிந்தவர் அன்றே மடல் எழுதத் தொடங்கிவிடலாம். எங்கோ ஒரு நாட்டில், எவருடைய கணினியிலோ அமர்ந்து நான்கு வரி எழுத வேண்டியவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தமிழ் வரிவடிவம் மறந்துபோய், பேச்சு மட்டும் கைவசம் உள்ள அயலகத் தமிழருக்கும் இது திறந்திருக்கும் முதல் கதவு.

ஆனால் குழந்தைகளுக்கு இதை முதலாவதாகக் கற்பிப்பது எனக்கு உடன்பாடில்லை. ‘மை’ என்பது ம்-உம் ஐ-உம் சேர்ந்தது என்று வகுப்பில் கற்கும் பிள்ளை, திரையில் அதை எம், ஏ, ஐ என்று பிரித்து அடிக்கப் பழகினால், தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்துகளின் வழியாகவே நினைக்கும் பழக்கம் படிந்துவிடுகிறது. தமிழ்99-இல் அதே பிள்ளை ‘ம’ அடுத்து ‘ஐ’ என்று அடிக்கும். இலக்கண வகுப்பும் விசைப்பலகையும் ஒன்றையே சொல்லும்.

பெரியவர்களுக்கு மறைந்திருக்கும் செலவு பிழையில் இருக்கிறது. ஊகிக்கும் வகை மென்பொருள் ‘பள்ளி’, ‘பல்லி’ இரண்டையும் காட்டும்; அவசரத்தில் முதலாவதைத் தட்டிவிட்டுப் போகிறோம். ஆண்டுக்கணக்கில் இப்படி எழுதியவர் பேனாவைக் கையில் எடுத்தால் ‘கருப்பு’வுக்கு எந்த ரு, எந்தப் பொருளுக்கு ‘மணம்’, எந்தப் பொருளுக்கு ‘மனம்’ என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

## குரல்வழி உள்ளீடு

கைப்பேசியில் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால் எழுத்தாகிறது. மூட்டுவலி, கைநடுக்கம், பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கு இது வெறும் வசதி அன்று. எழுத்துலகுக்குத் திரும்பும் வழியே இதுதான். எதையும் மீளக் கற்கத் தேவையில்லை என்று சொல்வார்கள், அது முழுதும் சரியன்று. நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறு. ‘வந்துட்டாங்க’ என்று சொல்லிவிட்டு ‘வந்துவிட்டார்கள்’ என்று எதிர்பார்க்க முடியாது. எழுத்துநடையில் நிறுத்தி நிறுத்திப் பேசப் பழக வேண்டும். ஒற்று மிகும் இடங்களும் நிறுத்தக் குறிகளும் ஊர்ப் பெயர்களும் திருத்தத்துக்குக் காத்திருக்கும். திருத்த மறுபடியும் ஏதேனும் ஒரு விசைப்பலகை வேண்டும். பிறர் இருக்கும் அறையில் பயன்படுத்த இயலாது. முதல் வரைவுக்கு நல்லது, முழு எழுத்துக்குப் போதாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தட்டச்சுப் பொறி, பாமினி | தமிழ்99 | ஒலிபெயர்ப்பு | குரல்வழி |
|---|---|---|---|---|
| பயிலகப் பயிற்சி உள்ளவருக்கு | மீட்பு மட்டும் போதும் | பழைய பழக்கத்தோடு கடும் மோதல் | ஆங்கிலத் தட்டச்சும் தெரிந்தால் எளிது | பேச்சுநடையை மாற்ற வேண்டும் |
| முற்றிலும் புதியவருக்கு | நீண்ட பயிற்சி | சில வாரப் பயிற்சி | மிக எளிது | மிக எளிது |
| அரசுத் தட்டச்சுத் தேர்வு | இதுவே தேவை | பயன்படாது | பயன்படாது | பயன்படாது |
| கருவிகளில் கிடைப்பது | தனி மென்பொருள் வேண்டும் | பெரும்பாலும் கூடவே வருகிறது | கூடவே வருகிறது | பெரும்பாலான கைப்பேசிகளில் |
| எழுத்துத் தேர்வு யார் கையில் | எழுதுபவர் | எழுதுபவர் | வகையைப் பொறுத்தது | மென்பொருள் |
| நெடுநேரம் எழுத | பயின்றவருக்கு நன்று | மிக நன்று | களைப்பு மிகுதி | திருத்தம் மிகுதி |

இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக அமைந்த இன்ஸ்கிரிப்ட் விசையமைப்பை நான் இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை. மலையாளம், தெலுங்கு, இந்தி என்று பல மொழிகளிலும் நாளும் எழுதுபவருக்கு ஒரே பயிற்சி எல்லாவற்றுக்கும் உதவும் என்பதால் அது நல்ல தேர்வு. தமிழ் மட்டும் எழுதுபவருக்கு அதனால் தனிப்பயன் இல்லை.

## எந்த நிலையில் எது

பயிலகத்தில் பயின்று விட்டுப்போனவர், தட்டச்சுப் பொறி அமைப்பில் ஒருங்குறியை அடிக்கத் தரும் மென்பொருளை நிறுவிக்கொண்டு பழைய பாடப் பயிற்சிகளையே மீண்டும் செய்யட்டும். இவரைத் தமிழ்99-க்கு மாறச் சொல்லி வற்புறுத்துபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இவருடைய இழப்பைக் கணக்கில் கொள்வதில்லை. இதற்கு ஒரே விதிவிலக்கு, மென்பொருள் நிறுவ முடியாத கணினியில்தான் இனி எழுத வேண்டும் என்ற நிலை.

பாமினியில் தொழில் செய்பவர் விரல்களை மாற்ற வேண்டியதில்லை. பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியின் வழியே ஒருங்குறியாக்கிக்கொண்டு, புதியவற்றை அதே அமைப்பில் ஒருங்குறியில் அடிக்கலாம். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்ற பிறகு அரசு அலுவலகங்களிலும், இணையத்தில் எங்கும் அதுவே செல்லுபடியாவதால், குறியாக்க மாற்றத்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மாற்றியபின் ஒருமுறை முழுதும் படித்துப் பார்ப்பது கட்டாயம். கொம்பும் காலும் இடம் மாறி விழுந்திருக்கும் இடங்கள் சில இருக்கவே செய்யும்.

ஒலிபெயர்ப்பில் எழுதிவருபவர் தன் எழுதும் அளவைப் பார்க்க வேண்டும். குறுஞ்செய்தியும் வாழ்த்தும் மட்டும் என்றால் மாறத் தேவையில்லை. கட்டுரை, கதை, மொழிபெயர்ப்பு, பாடக்குறிப்பு என்று எழுதுபவர் தமிழ்99-க்கு மாறலாம், மாறவும் வேண்டும். மாற மனமில்லை என்றால், ஊகிக்கும் வகையை விட்டு அஞ்சல் போன்ற உறுதியான வகைக்காவது வரட்டும். எழுத்தைத் தேரும் பொறுப்பு அவரிடமே திரும்பும்.

பள்ளிப் பிள்ளைக்கும், தமிழ்த் தட்டச்சு எதுவுமே அறியாத பெரியவருக்கும் தமிழ்99. அரசுப் பணித் தேர்வு நோக்கம் இருந்தால் மட்டும் பயிலகம்.

## மாற முடிவு செய்தவருக்கு

எழுத வேண்டிய வேலை குறைவாக உள்ள காலத்தில் தொடங்குங்கள். கெடு நெருங்கும் வாரத்தில் தொடங்கினால் இரண்டாம் நாளே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடுவீர்கள். பழகும் காலத்தில் இரண்டு தமிழ் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். விரல்கள் எதையும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளாது. கைப்பேசியிலும் அதே அமைப்பை வைத்துக்கொண்டால் எழுத்துகளின் இடம் கண்ணுக்கும் பழகும். விசைகளின்மேல் எழுத்து ஒட்டிகளை ஒட்டாமல், விசைப்பலகைப் படத்தை அச்சிட்டுத் திரைக்கு அருகில் நிமிர்த்தி வையுங்கள். தலை குனிந்து விசையைத் தேடும் பழக்கம் வந்துவிட்டால் அதையும் பிறகு மீளக் கற்க வேண்டிவரும்.

தமிழ்99-க்கு வருபவர் முதலில் வலக்கை நடுவரிசையையும் இடக்கையின் அ, இ, உ, புள்ளி ஆகியவற்றையும் மட்டும் கொண்டு ‘பக்கம்’, ‘பந்தி’, ‘தம்பி’, ‘கப்பி’, ‘நம்பிக்கு’ போன்ற சொற்களை அடித்துப் பழகட்டும். தானாக விழும் புள்ளி கையில் ஏறிய பிறகே மேல்வரிசைக்குப் போக வேண்டும். ‘சமபந்தி’, ‘பப்பாளி’ வகைச் சொற்களைத் தனியே ஒரு தாளில் சேர்த்துவைத்து, வாரம் ஒருமுறை அடித்துப் பாருங்கள். அந்தத் தாளைப் பார்க்காமலே எல்லாச் சொற்களும் பிழையின்றி வரும் நாளில் பழைய அமைப்பைக் கணினியின் மொழிப்பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.